கேளுங்க சொல்றேன்: காப்பிலெஃப்ட்னா என்ன, ஜிபிஎல் யாரைக் கட்டும்?

போன இதழ்ல டிவி பாக்ஸ் பத்தின ஒரு பதில்ல "இது ஜிபிஎல் சமாச்சாரம், தனியா பேசணும்"னு ஒரு வரி எழுதிட்டு நகர்ந்துட்டேன் (ஜிபிஎல்னா ஜெனரல் பப்ளிக் லைசென்ஸ், சாஃப்ட்வேர எந்த நிபந்தனைல பகிர்ந்துக்கலாம்னு சொல்ற அனுமதி). அந்த ஒத்த வரியப் பிடிச்சுக்கிட்டு இந்த மாசம் வந்த கேள்விங்கள்ல பாதிக்கு மேல லைசென்ஸ் பத்திதான். ஒரே மாதிரி இருந்தத எல்லாம் சேர்த்துட்டேன். காலேஜ் அசைன்மென்ட் கேள்விய அப்படியே போட்டோ எடுத்து அனுப்பினவங்களுக்கு பதில் கிடையாது, நீங்களே எழுதுங்க.

கே: அண்ணா, கிட்ஹப்ல (ப்ரோக்ராம் கோட பகிர்ற சைட்) ஒரு அட்டெண்டன்ஸ் ஆப் கிடைச்சுது, சூப்பரா பண்ணிருக்காங்க. லைசென்ஸ்னு எந்த ஃபைலும் இல்ல. அப்போ அது ஃப்ரீதானே, எடுத்து என் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்ல போட்டுக்கலாமா? (கடைசி வருஷ மாணவர், சென்னை)

ப: போட்டுக்கக் கூடாது தம்பி. லைசென்ஸ் இல்லன்னா கேக்க ஆள் இல்லன்னு நினைக்கிறீங்க, சட்டம் அதை தலைகீழா பாக்குது. நம்ம நாட்டு 1957 காப்பிரைட் சட்டத்துல கம்ப்யூட்டர் ப்ரோக்ராமும் இலக்கியப் படைப்புங்கிற கணக்குலதான் வருது, கதை கவிதைக்கு என்ன பாதுகாப்போ அதே பாதுகாப்பு இதுக்கும் உண்டு. எழுதி முடிச்ச நிமிஷமே காப்பிரைட் எழுதினவருக்கு வந்துடும், சம்பளத்துக்கு எழுதினா பொதுவா முதலாளிக்குப் போகும், ரெஜிஸ்டர் பண்ணணும்னு கூட அவசியம் இல்ல. அதனால ஒருத்தர் கோட வெளிய வச்சுட்டு வாயத் தொறக்கலன்னா நீங்க அதப் பாக்கலாம், கிட்ஹப் விதிப்படி அங்கயே ஃபோர்க் பட்டன் அமுக்கி உங்க கணக்குல ஒரு காப்பி வச்சுக்கலாம், அதோட சரி. எடுத்து மாத்தி வேற இடத்துல போட்டு அடுத்தவங்களுக்கு குடுக்கறதுக்கெல்லாம் அவர் அனுமதி வேணும்.

அந்த அனுமதிய ஆளாளுக்கு தனித்தனியா குடுத்துட்டு இருக்க முடியாதுன்னு முன்கூட்டியே பொதுவா எழுதி வைக்கிறதுதான் லைசென்ஸ். எம்ஐடி லைசென்ஸ எடுத்துக்கங்க, மொத்தமே மூணு சின்ன பாரா: என் பேரையும் இந்த வரிங்களையும் தூக்காத, மத்தபடி என்ன வேணா பண்ணிக்கோ, ஏதாவது உடைஞ்சா என்கிட்ட வராத. ஜிபிஎல்ல நிபந்தனை கூட இருக்கும், அது அடுத்த பதில்ல வருது. நீங்க இப்ப செய்ய வேண்டியது, அந்த ப்ராஜெக்ட்ல ஒரு இஷ்யூ (அங்கயே கேள்வி, புகார் எழுதுற இடம்) போட்டு "லைசென்ஸ் ஒண்ணு சேருங்களேன்"னு கேளுங்க, நிறைய பேர் மறந்துதான் போயிருப்பாங்க. அப்புறம் ஒண்ணு, லைசென்ஸ் இருந்தாலும் அடுத்தவர் எழுதினத நான் எழுதினேன்னு வைவால சொன்னா அது வேற பஞ்சாயத்து, எந்த லைசென்ஸும் காப்பாத்தாது.

கே: ஃப்ரீ சாஃப்ட்வேர்காரங்க காப்பிரைட்டே கூடாதுன்னு சொல்றவங்கதானே, அப்புறம் அவங்களே ஏன் காப்பிரைட்ட வச்சு கேஸ் போடுறாங்க? காப்பிலெஃப்ட் காப்பிலெஃப்ட்னு சொல்றாங்களே, அது நடைமுறைல எப்படித்தான் வேலை செய்யுது? (வாசகி, மதுரை)

ப: நல்லா கேட்டீங்கம்மா, இதுக்கு கொஞ்சம் பின்னாடி போகணும்.

1980 வாக்குல அமெரிக்காவுல எம்ஐடி ஏஐ லேப்ல ரிச்சர்ட் ஸ்டால்மன் ப்ரோக்ராமரா இருந்தார். அங்க இருந்த பழைய பிரிண்டர்ல பேப்பர் சிக்கினா காத்துட்டு இருக்கிறவங்க ஸ்க்ரீன்ல மெசேஜ் வர்ற மாதிரி கோட மாத்தி வச்சிருந்தார். அப்புறம் ஜெராக்ஸ் கம்பெனி புது லேசர் பிரிண்டர் குடுத்துச்சு, அதுவும் சிக்கும், ஆனா சோர்ஸ் கோட், அதாவது ப்ரோக்ராமர் எழுதின மூல வரிங்க, வரல. கார்னகி மெலன் யுனிவர்சிட்டில ஒருத்தர்ட்ட அந்த கோட் இருக்குன்னு தெரிஞ்சு நேர்ல போய் கேட்டா, யாருக்கும் தரமாட்டேன்னு கையெழுத்து போட்டுட்டேன்னு கைய விரிச்சுட்டார். இந்த பிரிண்டர் கதைய எல்லாரும் சொல்லுவாங்க. எனக்கு என்னவோ இதைவிட அடுத்து நடந்ததுதான் முக்கியமா படுது.

1983 செப்டம்பர்ல எல்லாரும் தாராளமா பகிர்ந்துக்கற மாதிரி ஒரு முழு ஆபரேட்டிங் சிஸ்டம் கட்டுற க்னூ திட்டத்த அறிவிச்சுட்டு ஸ்டால்மன் ஈமேக்ஸ் எடிட்டர புதுசா எழுத ஆரம்பிச்சார். அதுல கொஞ்சம் கோட் ஜேம்ஸ் காஸ்லிங் எழுதின ஈமேக்ஸ்ல இருந்து எடுத்தது, ஆமா, பின்னாடி ஜாவா உருவாக்கின அதே காஸ்லிங்தான். அவரோட ஈமேக்ஸ் அதுவரைக்கும் கைக்கு கை தாராளமா சுத்திட்டு இருந்துச்சு. அப்புறம் அவர் அத யுனிப்ரெஸ்னு ஒரு கம்பெனிக்கு வித்துட்டார், அவங்க வந்து எங்க கோட நீ பரப்பக் கூடாதுன்னு நிப்பாட்டிட்டாங்க. ஸ்டால்மன் அந்த பகுதிய முழுசா திரும்ப எழுத வேண்டியதாப் போச்சு. எல்லாரும் பகிர்ந்துக்குவோம்ங்கிற நல்ல மனசு மட்டும் போதாது, பேப்பர்ல இல்லன்னா என்னைக்கு வேணா கதவ சாத்திடலாம்னு அங்கதான் உறைச்சிருக்கணும்னு நான் நினைக்கிறேன். அப்புறம் ஈமேக்ஸுக்குன்னு தனியா ஒரு லைசென்ஸ் வந்துச்சு, அத எல்லா ப்ரோக்ராமுக்கும் பொதுவாக்கி 1989ல ஜிபிஎல் முதல் வெர்ஷன், 1991ல ரெண்டாவது, 2007ல மூணாவது.

சரி, காப்பிரைட்டையே விட்டுக் குடுத்து பொதுவுல போட்டுட்டா என்ன? போடலாம், ஆனா அடுத்து எடுக்கிறவர் நாலு வரி சேர்த்துட்டு "இது என்னோடது, சோர்ஸ் தரமாட்டேன்"னு பூட்டிக்கலாம், யாரும் ஒண்ணும் பண்ண முடியாது. அதனால ஸ்டால்மன் காப்பிரைட்ட கைலயே வச்சுக்கிட்டார். நான்தான் உரிமையாளர், நீங்க ஓட்டலாம், படிக்கலாம், மாத்தலாம், காப்பி எடுக்கலாம், காசுக்கு விக்கவும் செய்யலாம், ஆனா இன்னொருத்தர் கைல குடுக்கும்போது நான் உங்களுக்கு என்ன உரிமை குடுத்தேனோ அதே உரிமைய சோர்ஸ் கோடோட சேர்த்து அவருக்கும் குடுக்கணும். நம்ம ஊர் நிலப் பத்திரத்துல வண்டிப்பாதை பாத்தியம்னு எழுதிருப்பாங்க பாருங்க, நிலம் நாலு கை மாறினாலும் பின்னாடி காட்டுக்காரர் அந்த வழியா போற உரிமை நிலத்தோடயே போகும், புதுசா வாங்கினவர் "நான் யாருக்கும் எழுதிக் குடுக்கலையே"ன்னு வேலி போட முடியாது. காப்பிலெஃப்ட் கோடுக்குள்ள வண்டிப்பாதைய போட்டு வச்ச மாதிரி.

இதுக்கு பல்லு எங்க இருக்குன்னா ஜிபிஎல் 2ல அஞ்சாவது பிரிவுல. அதோட சாரம் இது: நீ இதுல கையெழுத்து போடல, அதனால இத ஏத்துக்கணும்னு உனக்கு கட்டாயம் இல்ல, ஆனா இத விட்டா இந்த ப்ரோக்ராம மாத்தவோ பரப்பவோ உனக்கு அனுமதி தர்றது வேற எதுவும் இல்ல. படிக்க சாதாரணமா இருக்கும், கோர்ட்ல நிக்கும்போதுதான் தெரியும். கம்பெனி வக்கீல் வந்து "ஜிபிஎல்ல நாங்க ஏத்துக்கவே இல்ல"ன்னா, சரி அப்போ எந்த அனுமதில ஆயிரக்கணக்குல காப்பி வித்தீங்கன்னு அடுத்த கேள்வி வரும், பதில் இருக்காது. அதனாலதான்மா காப்பிரைட்ட வச்சே கேஸ் போடுறாங்க, காப்பிரைட் சட்டம் இல்லன்னா ஜிபிஎல் வெறும் வேண்டுகோள்.

கே: நாங்க திருப்பூர்ல சின்ன யூனிட் நடத்துறோம். ஒரு வெண்டர் இஆர்பிநெக்ஸ்ட்ங்கற கணக்கு, ஸ்டாக் பாக்குற சாஃப்ட்வேர் போட்டு எங்களுக்கு ஏத்த மாதிரி மாத்திக் குடுத்தாரு, வருஷா வருஷம் ஏஎம்சி கட்டுறோம். இப்ப வேற ஆள்கிட்ட போலாம்னு கோட கேட்டா "அது எங்க ப்ராப்பர்ட்டி"ங்கறாரு. விக்கும்போது ஓப்பன் சோர்ஸ்னு சொல்லித்தானுங்க வித்தாரு. எங்களுக்கு ஏதாச்சும் உரிமை இருக்குங்களா? (திருப்பூர் வாசகர்)

ப: இருக்குங்க, ஆனா எவ்வளவுங்கறது அந்த சாஃப்ட்வேர் எங்க ஓடுதுங்கறதப் பொறுத்தது.

இஆர்பிநெக்ஸ்ட் மும்பைல இருக்கிற ஃப்ராப்பே கம்பெனியோடது, ஜிபிஎல் 3ல வருது. உங்க ஆபீஸ் கம்ப்யூட்டர்லயோ உங்க பேர்ல வாடகைக்கு எடுத்த சர்வர்லயோ வெண்டர் கொண்டு வந்து போட்டிருந்தா உங்க கைல காப்பி குடுத்துட்டார்னு அர்த்தம், அந்த நிமிஷமே ஜிபிஎல் உரிமை முழுசா உங்களுக்கு வந்தாச்சு. இஆர்பிநெக்ஸ்ட்டுக்குள்ள அவர் கை வச்சு மாத்தினதும் அதே ஜிபிஎல்ல தான் வரும், அத நீங்க அடுத்த வெண்டர்ட்ட தூக்கிக் குடுக்கறத அவர் தடுக்க முடியாது. இன்னொரு சந்தோஷமான விஷயம், இது பைத்தான்ல எழுதினது, கோட் வெண்டர் வீட்டு பீரோல இல்ல, உங்க மெஷின்லயே கிடக்குது. தெரிஞ்ச பையன் யாரையாச்சும் கூப்பிட்டு சர்வர்ல ஃப்ராப்பே பெஞ்ச்ங்கற ஃபோல்டரத் தொறக்கச் சொல்லுங்க, அதுக்குள்ள ஆப்ஸ்னு ஒரு ஃபோல்டர், அதுல ஃப்ராப்பே, இஆர்பிநெக்ஸ்ட்னு தனித்தனியா இருக்கும், ஒவ்வொண்ணுக்குள்ளயும் லைசென்ஸ் ஃபைல் இருக்கும். வெண்டர் ஸ்க்ரீன்லயே சேர்த்த ஃபீல்டு, ஸ்க்ரிப்ட் மாதிரி மாற்றங்கள் நிறைய டேட்டாபேஸுக்குள்ள உக்காந்திருக்கும், ஒழுங்கா ஒரு பேக்கப் எடுத்தாலே அதுவும் வந்துடும்.

சிக்கல் எங்கன்னா, அந்த ஆப்ஸ் ஃபோல்டர்ல மூணாவதா வெண்டர் பேர்ல ஒரு ஃபோல்டர் இருந்தா. அடியில இருக்கிற ஃப்ராப்பே ஃப்ரேம்வொர்க் எம்ஐடி லைசென்ஸ், அத மட்டும் வச்சு தனியா ஒரு ஆப் எழுதி மூடி வச்சுக்கலாம், தப்பில்ல. ஆனா அந்த ஆப் இஆர்பிநெக்ஸ்ட் கோட உள்ள இழுத்து அதுமேல கட்டினதா இருந்தா அதுவும் ஜிபிஎல்லுக்குள்ள வரணும்னு ஒரு சாரார், இல்லன்னு இன்னொரு சாரார், வக்கீலுங்களே இதுல ஒத்துப் போறதில்ல. அங்க சட்டம் பேசறதவிட உக்காந்து பேசி ஒரு ரேட்டு முடிக்கிறது உங்களுக்கு லாபம்.

எல்லாமே வெண்டர் சர்வர்ல ஓடுது, நீங்க ப்ரௌசர்ல லாகின் மட்டும் பண்றீங்கன்னா கதை வேற. அவர் உங்களுக்கு காப்பியே குடுக்கல, அதனால ஜிபிஎல் அவரை ஒண்ணும் கேக்காது. டேட்டாவ மட்டும் கேட்டு வாங்கிட்டு புது இடத்துல புது இஆர்பிநெக்ஸ்ட் போட்டுக்கங்க.

பணம் வாங்கினாரேன்னு கோவப்பட்டிருந்தீங்க, அதுல அவர் மேல தப்பு சொல்ல மாட்டேன். ஜிபிஎல் காசு வாங்காதன்னு எங்கயும் சொல்லல, ஸ்டால்மனே ஆரம்பத்துல ஈமேக்ஸ் டேப்ப 150 டாலருக்கு வித்துத்தான் சாப்பிட்டார். அதேபோல மாத்தின கோட உலகத்துக்கே வெளியிடணும்னும் அதுல இல்ல, யார் கைல குடுத்தாரோ அவங்களுக்கு குடுத்தா போதும்.

கே: சர்வர்ல ஓட்டினா ஜிபிஎல் கேக்காதுன்னா பெரிய க்ளவுட் கம்பெனிங்க எல்லாம் ஜாலியா தப்பிச்சுடுவாங்களே? (தஞ்சாவூர்க்காரர், இப்போ பெங்களூர்)

ப: தப்பிச்சாங்க, இன்னமும் தப்பிக்கிறாங்க. ஜிபிஎல் எழுதின காலத்துல சாஃப்ட்வேர்னா டேப்ல வர்றது, கை மாறாம பயன்படுத்த முடியாது. நெட் வந்ததும் அந்தக் கணக்கு உடைஞ்சுது. அதுக்குத்தான் 2007 நவம்பர்ல ஏஜிபிஎல் வந்துச்சு: நீ மாத்தின ப்ரோக்ராம நெட்வொர்க் வழியா ஜனங்க பயன்படுத்தினா அவங்களுக்கும் சோர்ஸ் கிடைக்கிற வழிய வைக்கணும். மாஸ்டடான் (சோஷியல் மீடியா), நெக்ஸ்ட்க்ளவுட் (ஃபைல் சேமிக்கிறது) எல்லாம் இதுலதான். கூகுள் தன் ஆளுங்களுக்கு ஏஜிபிஎல் கோட தொடவே கூடாதுன்னு வெளிப்படையா பாலிசி போட்டிருக்கு, லைசென்ஸ் கடிக்குதுங்கிறதுக்கு இதவிட சர்டிஃபிகேட் என்ன வேணும். மோங்கோடிபிங்கிற டேட்டாபேஸ் கம்பெனி அதுவும் பத்தாதுன்னு 2018ல எஸ்எஸ்பிஎல்னு சொந்தமா ஒண்ணு எழுதினாங்க, இந்த சர்வீஸ ஓட்டுறதுக்கு நீ வச்சிருக்கிற மொத்த சரக்கோட சோர்ஸையும் குடுன்னு கேக்குற லைசென்ஸ், எது ஓப்பன் சோர்ஸ் லைசென்ஸ்னு பாத்துச் சொல்ற ஓப்பன் சோர்ஸ் இனிஷியேட்டிவ் அமைப்பு அத ஓப்பன் சோர்ஸ்னு ஏத்துக்கல. என்னைக் கேட்டா அது லைசென்ஸ் வேஷம் போட்ட "வந்து எங்ககிட்ட விலை பேசு" போர்டு.

கே: சார், கோவைல எம்பெடட் கம்பெனில இருக்கேன். நாங்க விக்கிற கேட்வே பாக்ஸ்ல லினக்ஸ், பிஸிபாக்ஸ் (சின்ன சின்ன கமாண்டெல்லாம் ஒண்ணா சேர்ந்தது) எல்லாம் ஓடுது. சோர்ஸ் பத்தி கேட்டா "எந்த கஸ்டமர் வந்து கேக்கப் போறான், விடுப்பா"ன்னு மேனேஜர் சொல்றார். நிஜமாவே யாராவது மாட்டிருக்காங்களா? எங்க சொந்த அப்ளிகேஷனையும் வெளிய விடணுமா?

ப: மாட்டிருக்காங்க, அதுவும் உங்க கம்பெனியவிட பெரிய பெரிய ஆளுங்க.

லிங்க்ஸிஸ் டபிள்யூஆர்டி54ஜி ரௌட்டர் ஞாபகம் இருக்கா, நீலமும் கறுப்புமா பின்னாடி ரெண்டு ஆண்டெனாவோட இருக்கும். 2003ல சிஸ்கோ அந்த லிங்க்ஸிஸ் கம்பெனிய சுமார் 50 கோடி டாலருக்கு வாங்குச்சு. அதே வருஷம் சில ப்ரோக்ராமருங்க ஃபர்ம்வேர (பெட்டிக்குள்ள ஓடுற சாஃப்ட்வேர) நோண்டிப் பாத்தா உள்ள லினக்ஸ், கூட வேற ஜிபிஎல் சரக்கு, சோர்ஸ் எங்கயும் இல்ல. இதுல வேடிக்கை என்னன்னா கோட எழுதினது லிங்க்ஸிஸே இல்ல, சிப் பிராட்காமோடது, சாஃப்ட்வேர் வேலை தைவான்ல ஒரு கம்பெனி. ரெண்டு கை தாண்டி வந்த பிரச்சனை, காசு குடுத்து கடைசியா வாங்கின சிஸ்கோ தலைல விடிஞ்சுது. உங்க மேனேஜர்ட்ட இந்த இடத்த அழுத்திச் சொல்லுங்க, சிப் வெண்டர் குடுக்குற எஸ்டிகேல (சிப்போட வர்ற ரெடிமேட் கோட் மூட்டை) என்ன இருக்குன்னு பாக்காம பாக்ஸ் வித்தா பதில் சொல்ல வேண்டியது பாக்ஸ்ல பேர் போட்டவர்தான்.

நெருக்கடி தாங்காம சோர்ஸ விட்டாங்க. அத எடுத்து ஜனங்க ஓப்பன்டபிள்யூஆர்டிங்கிற ரௌட்டர் சாஃப்ட்வேர ஆரம்பிச்சாங்க, டிடி-டபிள்யூஆர்டி, டொமேட்டோன்னு இன்னும் ரெண்டு கிளம்புச்சு, அந்த சாதா ரௌட்டர்ல காஸ்ட்லி ரௌட்டர் பண்ற வேலையெல்லாம் பண்ண வச்சாங்க. கம்பெனி அஞ்சாவது வெர்ஷன்ல லினக்ஸ தூக்கிட்டு மெமரியையும் குறைச்சு வித்துப் பாத்துச்சு, வாங்குறவங்க விடல, கடைசில 2005ல பழைய மாடலையே பேருக்குப் பின்னாடி ஒரு எல் போட்டு லினக்ஸ்காரங்களுக்குன்னே தனியா வித்தாங்க, வருஷக்கணக்கா ஓடுச்சு அது. சோர்ஸ் குடுத்தா வியாபாரம் படுத்துடும்னு சொல்ற மேனேஜருங்களுக்கு நான் எப்பவும் காட்டுற பெட்டி இதுதான். அதோட முடியல, மத்த மாடலுங்கள்ல ஒழுங்கா குடுக்கலன்னு 2008 டிசம்பர்ல ஸ்டால்மன் ஆரம்பிச்ச ஃப்ரீ சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷன் சிஸ்கோ மேல கேஸே போட்டு 2009ல சமாதானம் ஆச்சு.

ஜெர்மனில 2004லயே ஹரால்ட் வெல்ட்டேங்கிற லினக்ஸ் டெவலப்பர் சைட்காம் கம்பெனிக்கு எதிரா ம்யூனிக் கோர்ட்ல தடை உத்தரவு வாங்கினார். உங்க பாக்ஸ்ல இருக்கிற அதே பிஸிபாக்ஸுக்காக 2007ல அமெரிக்காவுல மான்சூன் மல்ட்டிமீடியா மேல கேஸ் விழுந்து, அடுத்த மாசமே சமாதானத்துக்கு வந்துட்டாங்க. எந்த கஸ்டமர் கேக்கப் போறான்னு சொன்னாரே உங்க மேனேஜர், அதுக்கு விசியோங்கிற டிவி கம்பெனி மேல போட்ட கேஸ் இருக்கு: 2021ல சாஃப்ட்வேர் ஃப்ரீடம் கன்சர்வன்சிங்கிற அமைப்பு, நாங்க கடைல டிவி வாங்கின கஸ்டமர், எங்களுக்கு சோர்ஸ் வேணும்னு கலிஃபோர்னியா கோர்ட்டுக்குப் போனாங்க. கோட எழுதினவர்ங்கிற முறைல அவங்க போகல, டிவி வாங்கினவர்ங்கிற முறைலதான் போனாங்க, அதக் கவனிங்க.

சரி நீங்க என்ன பண்ணணும். ஜிபிஎல் 2 மூணாவது பிரிவுப்படி பாக்ஸோடயே சோர்ஸ குடுக்கலாம், இல்லன்னா கேட்டா தர்றோம்னு எழுத்துல குடுக்கணும், அந்த வாக்கு குறைஞ்சது மூணு வருஷம் செல்லணும், யார் கேட்டாலும் காப்பி எடுத்து அனுப்புற செலவுக்கு மேல வாங்கக் கூடாது. சோர்ஸ்னா லினக்ஸோட மையப் பகுதியான கெர்னலோட ஜிப்ப தூக்கிப் போட்டா ஆச்சுன்னு இல்ல, நீங்க மாத்தினது, கம்பைல் பண்ற ஸ்க்ரிப்ட், எல்லாம் சேர்ந்துதான் சோர்ஸ். உங்க ஃபோன்லயே செட்டிங்ஸ்ல கடைசில "அபவுட் ஃபோன்" போய் லீகல் பகுதிய தொறந்து பாருங்க, ஓப்பன் சோர்ஸ் லைசென்ஸ்னு ஒரு ஐட்டம், தள்ள தள்ள முடியாம போயிட்டே இருக்கும், ஒவ்வொரு லைப்ரரி பேரும் அதோட லைசென்ஸும். அந்த மாதிரி ஒரு பக்கம் உங்க பாக்ஸோட வெப் ஸ்க்ரீன்ல இருக்கணும்.

உங்க சொந்த அப்ளிகேஷன் பத்தி பயம் வேண்டாம். சாதாரணமா சிஸ்டம் கால் வழியா கெர்னல பயன்படுத்துற ப்ரோக்ராம் எங்க லைசென்ஸுக்குள்ள வராதுன்னு லினக்ஸ் லைசென்ஸ் ஃபைல்லயே அத உருவாக்கின லினஸ் டோர்வால்ட்ஸ் ஒரு குறிப்பு போட்டு வச்சிருக்கார். கெர்னல் மாட்யூல் எழுதினா மட்டும் அது சாம்பல் ஏரியா, வக்கீல பாருங்க. ஜிபிஎல் 3 பேக்கேஜ் ஏதாவது உள்ள இருந்து, பாக்ஸ் வீட்டு உபயோகத்துக்கு விக்கிறதுன்னா கூடுதலா ஒண்ணு: மாத்தின சாஃப்ட்வேர திரும்ப அந்த பாக்ஸ்லயே ஏத்தி ஓட்ட தேவையான கீ விவரம் எல்லாம் குடுக்கணும். டிவோன்னு ஒரு டிவி ரெக்கார்டர் சோர்ஸ குடுத்துட்டு ஹார்ட்வேர்ல பூட்டு போட்டு வச்சதப் பாத்து கடுப்பாகி சேர்த்த பிரிவு அது. லினக்ஸ் கெர்னல் இன்னமும் 2லயேதான் இருக்கு.

கே: அண்ணை, யாழ்ப்பாணத்தில இருந்து எழுதுறன். தமிழ் எழுத்துப்பிழை திருத்துற லைப்ரரி ஒண்டு செய்துகொண்டு இருக்கிறன். எம்ஐடி போடுறதா ஜிபிஎல் போடுறதா எண்டு குழப்பமாக் கிடக்கு. ஆரும் பெரிய கம்பெனி எடுத்து காசு பாத்திடுவினமோ எண்டும் பயமாக் கிடக்கு.

ப: தம்பி, காசு பாக்கிறத ரெண்டுமே தடுக்காது, அந்த பயத்த முதல்ல ஓரமா வைங்க. எடுத்துட்டுப் போறவர் செஞ்ச முன்னேற்றம் திரும்ப ஜனங்களுக்கு கிடைக்கணுமா வேண்டாமாங்கிறதுதான் கேள்வி. ப்ளேஸ்டேஷன் 4 சிஸ்டம் ஃப்ரீபிஎஸ்டிங்கிற ஓப்பன் சோர்ஸ் சிஸ்டத்துல இருந்து வந்தது, எம்ஐடி மாதிரியே தாராளமான பிஎஸ்டி லைசென்ஸ்ங்கிறதால சோனி மாத்தினத வெளிய விட வேண்டிய கட்டாயம் இல்ல. இந்தப் பக்கம் பாத்தா, 80களோட கடைசில ஸ்டீவ் ஜாப்ஸோட நெக்ஸ்ட் கம்பெனி க்னூ திட்டத்தோட ஜிசிசி கம்பைலருக்கு ஆப்ஜெக்டிவ் சி பகுதி எழுதிட்டு அத மூடி வைக்கப் பாத்தாங்க, ஜிபிஎல் விடல, சோர்ஸோட குடுத்தாங்க.

அதுக்காக எல்லாத்துக்கும் ஜிபிஎல் போடுங்கன்னு சொல்ல மாட்டேன். ஆக் வோர்பிஸ் ஆடியோ லைப்ரரி பிஎஸ்டிக்கு மாறினப்போ ஸ்டால்மனே சரின்னுட்டார், ஏன்னா எம்பி3க்கு எதிரா அது எல்லா ப்ளேயர்லயும் நுழையறது முக்கியமா இருந்துச்சு. உங்க விஷயமும் அதேதான்னு எனக்கு படுது, தமிழ் பிழைதிருத்தி எல்லா கீபோர்டுலயும் எல்லா எடிட்டர்லயும் உக்காரணும். ஹன்ஸ்பெல்ங்கிற பிழைதிருத்தியப் பாருங்க, ஜிபிஎல், எல்ஜிபிஎல் (ஜிபிஎல்லோட கொஞ்சம் இளகின வடிவம்), எம்பிஎல் (மொஸில்லா லைசென்ஸ்) மூணுல எது பிடிக்குதோ எடுத்துக்கோன்னு விட்டாங்க, லிப்ரே ஆபீஸ்லயும் இருக்கு, ஃபயர்ஃபாக்ஸ்லயும் இருக்கு, மேக்லயும் இருக்கு. நான்னா எம்பிஎல் 2 போடுவேன், உங்க ஃபைல மாத்தி வெளிய குடுத்தா அந்த ஃபைலோட சோர்ஸ் தரணும், பக்கத்துல அவங்க எழுதின ஃபைல் அவங்களோடது. இன்னொண்ணு, சொல் பட்டியலும் விளக்கமும் தமிழ் விக்சனரில இருந்து எடுத்திருந்தா கவனம், அது க்ரியேட்டிவ் காமன்ஸ் ஷேர் அலைக், அதுவும் காப்பிலெஃப்ட்தான், அந்தப் பகுதிய தனி ஃபோல்டர்ல தனி லைசென்ஸோட வைங்க.

கே: வியாபாரத்துக்கு பயன்படுத்தக் கூடாதுன்னு ஜிபிஎல்லோட ஒரு வரி நானே சேர்த்துக்கலாமா? (சேலம்)

ப: வேண்டாங்க. டோர்வால்ட்ஸ் 1991ல லினக்ஸ விட்டப்போ காசு வாங்கக் கூடாதுன்னுதான் சொந்தமா எழுதினார், ஃப்ளாப்பில காப்பி போட்டுக் குடுக்கிறவங்க அந்த செலவுக்குக் கூட வாங்க முடியாம இடிச்சுது, 1992ல ஜிபிஎல்லுக்கு மாத்திட்டார். ஜிபிஎல்ல கூடுதல் கட்டுப்பாடு சேர்க்க கூடாதுன்னு அந்த ஜிபிஎல்லயே இருக்கு, நீங்க ஒரு வரி சேர்த்தா ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு முட்டிக்கும். ஜேசான்ங்கிற டேட்டா வடிவத்துக்கான கோடோட லைசென்ஸ்ல "நல்லதுக்கு மட்டும் பயன்படுத்து, கெட்டதுக்கு கூடாது"ன்னு ஒரு வரி சேர்த்தாங்க, கேக்க நல்லாத்தான் இருக்கு, எது நல்லதுன்னு யார் சொல்றதுன்னு தெரியாம டெபியன் லினக்ஸ்காரங்க ஏத்துக்க மாட்டேன்னுட்டாங்க.

கே: ஒரு தடவை வச்ச லைசென்ஸ பின்னாடி மாத்த முடியுமா? (திருச்சி)

ப: மொத்த கோடும் உங்களோடதுன்னா அடுத்த வெர்ஷன்ல இருந்து மாத்தலாம், பழைய வெர்ஷன ஏற்கனவே வாங்கினவங்ககிட்ட இருந்து புடுங்க முடியாது. டெராஃபார்ம்ங்கிற சர்வர் நிர்வாக டூலோட லைசென்ஸ 2023ல ஹாஷிகார்ப் கம்பெனி மாத்தினப்போ பழைய கோட எடுத்து ஓப்பன்டோஃபு கிளம்புச்சு, 2024ல ரெடிஸ் டேட்டாபேஸ் மாத்தினப்போ அதே மாதிரி வால்கீ. வேற ஆளுங்க கோடும் கலந்திருந்தா அவங்க ஒவ்வொருத்தர் சம்மதமும் வேணும். நம்ம விஎல்சி ப்ளேயர் இதுல பட்ட பாடு கொஞ்ச நஞ்சம் இல்ல. 2011 ஜனவரில ஆப்பிள் ஆப் ஸ்டோர்ல இருந்து தூக்கினாங்க, ஸ்டோரோட கண்டிஷனும் ஜிபிஎல்லும் ஒத்துப் போகலன்னு அதோட டெவலப்பர் ஒருத்தரே புகார் குடுத்திருந்தார். அப்புறம் விஎல்சியோட உள் லைப்ரரிய எல்ஜிபிஎல்லுக்கு மாத்த, என்னைக்கோ கோட் குடுத்துட்டுப் போனவங்கள எல்லாம் தேடித் தேடிப் பிடிச்சு சம்மதம் வாங்கி, 2013லதான் ஐஃபோனுக்கு திரும்ப வந்துச்சு. லினக்ஸ் கெர்னல்ல ஆயிரக்கணக்கான பேர் எழுதினது கலந்து கிடக்கு, அத மாத்தறதெல்லாம் கனவுல கூட நடக்காது.

கே: சிவகாசில டிசைன் ஒர்க் பண்றேன்க்கா. நெட்ல ஓஎஃப்எல்னு (ஓப்பன் ஃபான்ட் லைசென்ஸ்) போட்ட தமிழ் ஃபான்ட் எடுத்து கல்யாணப் பத்திரிகை, காலண்டர்லாம் அடிச்சு விக்கலாமா? பத்திரிகையும் அதே லைசென்ஸ் ஆயிடுமா?

ப: முதல்ல, நான் அக்கா இல்லம்மா, அண்ணன். தாராளமா அடிங்க. அந்த ஃபான்ட்ட வச்சு செஞ்ச டாக்குமெண்ட்டுக்கு இந்த லைசென்ஸ் பொருந்தாதுன்னு ஓஎஃப்எல்ல தெளிவா எழுதிருக்கு, பத்திரிகை உங்க சொத்து. ஃபான்ட் ஃபைல மட்டும் தனியா விலை போட்டு விக்கக் கூடாது, வேற சாஃப்ட்வேரோட சேர்த்து விக்கலாம். எழுத்து வடிவத்த மாத்தி வெளிய விட்டா அதுவும் ஓஎஃப்எல்லேதான் இருக்கணும், உரிமையாளர் அந்தப் பேர ஒதுக்கி வச்சிருந்தா உங்க மாத்தின ஃபான்ட்டுக்கு வேற பேர் வைக்கணும். நோட்டோ சான்ஸ் தமிழ், கட்டமரன், முக்த மலர், மீரா இனிமை எல்லாம் இதே லைசென்ஸ்தான், டவுன்லோட் பண்ணும்போது கூட வர்ற அந்த குட்டி டெக்ஸ்ட் ஃபைல மட்டும் அழிச்சுடாம அதே ஃபோல்டர்ல வச்சுக்கங்க.